குறுக்குப் பாதையில் ஒரு ஸ்டேஷன்

பெரம்பலூர் மாவட்டத்து எங்கள் வாலிகண்டபுரத்துக்காரர்களிடம் "உங்க ஊருக்கு ரயில் ஸ்டேஷன் எது?" என்று கேட்டால் யோசிக்காமல் அரியலூர் என்பார்கள். அரியலூர் வேறு மாவட்டம். பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரியலூருக்கு இன்னொரு பஸ் என்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் தண்டவாளத்தைப் பார்க்கலாம். பெரம்பலூர் 1995லிருந்து மாவட்டத் தலைநகர். இன்றுவரை அந்த நகரத்துக்கு ரயில் கிடையாது. அதனால் அரியலூர் ஸ்டேஷனின் பிறப்பு எங்கள் ஊரின் கதையும்தான்.

திருச்சியிலிருந்து வடக்கே போகும் பெருவழியில்தான் வாலிகண்டபுரம் இருக்கிறது. 1751ல் ஒரு பக்கம் ஆங்கிலேயரும் மறுபக்கம் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களுமாக இங்கே மோதினார்கள். ஆங்கிலேயர் எழுதிவைத்த வரலாற்றில் அது 'வோல்கொண்டா' போர். திருச்சிக் கோட்டையைப் பிடிக்கவோ காப்பாற்றவோ போகிற படை இந்த வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால்தான் சண்டை இங்கே மூண்டது. வாலீசுவரர் கோயிலைக் கட்டிய சோழர் காலத்திலும் ஊருக்கு மதிப்பு இருந்தது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தால் அது உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர்ப் பக்கமாகவே வரும். சாலை அப்படித்தான் வருகிறது. ரயில் மட்டும் கிழக்கே ஒதுங்கி விருத்தாசலம், பெண்ணாடம், செந்துறை, அரியலூர் என்று போய்விட்டது.

ரயில் வந்ததே தாமதமாகத்தான். திருச்சிக்கு முதலில் ரயில் வந்தது சென்னையிலிருந்து அல்ல, நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி 1860களின் தொடக்கத்தில் போட்ட பாதை அது. 1874ல் பிறந்த தென்னிந்திய ரயில்வே கம்பெனி, சென்னையையும் தூத்துக்குடியையும் மீட்டர் கேஜில் இணைத்தபோது டெல்டாவைச் சுற்றிக்கொண்டே போனது. எழும்பூரில் ஏறியவர் விழுப்புரம், கடலூர், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் திருச்சியில் இறங்குவார். ஏறக்குறைய 400 கிலோமீட்டர். இன்றும் அதற்கு மெயின் லைன் என்றே பெயர்.

டெல்டாவுக்கு அந்தப் பாதை வரம். நெல், கோயில், துறைமுகம், பெரிய ஊர்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிறவர் தஞ்சாவூரைச் சுற்றி எதற்காகப் போக வேண்டும்? 1914ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குப் போக்குவரத்து பெருகியதும், ஒரே பாதையில் டெல்டாவின் கூட்டமும் தெற்கத்திக் கூட்டமும் சேர்ந்து நெருக்கியது. விழுப்புரத்தில் பிரிந்து நேராகத் திருச்சியில் போய்ச் சேரும் குறுக்குப் பாதை ஒன்று வேண்டியிருந்தது. 1920களின் பிற்பகுதியில் அது வந்தது. எழும்பூர்-திருச்சி தூரம் 337 கிலோமீட்டராகச் சுருங்கியது. ரயில்காரர்கள் அதற்கு வைத்த பெயர் கார்டு லைன். அதன் நடுவில் கிடைத்த ஸ்டேஷன்தான் அரியலூர்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி அதே சில ஆண்டுகளில் செய்த வேறு இரண்டு காரியங்களையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1928ல் நாகப்பட்டினத்திலிருந்த பெரிய பட்டறையைத் திருச்சிப் பொன்மலைக்குக் கொண்டுவந்தது. 1931 மே மாதம் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் விட்டது. இந்தியாவில் மீட்டர் கேஜில் ஓடிய முதல் மின்சார வண்டி அதுதான். அந்த வண்டியை நம்பித்தான் மாம்பலமும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் குடியிருப்புகளாக வளர்ந்தன. பாரிமுனையில் இருந்த கிறித்தவக் கல்லூரி 1937ல் தாம்பரத்துக் காட்டுக்கு இடம் மாறத் துணிந்ததும் அப்படி ஒரு வண்டி இருந்ததால்தான். தாம்பரத்துக்கு வண்டி விட்ட நோக்கமே, அங்கே குடியிருப்பவன் காலையில் ஏறி வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்ப வேண்டும் என்பது. அரியலூருக்கு அந்த நோக்கத்தோடு யாரும் ரயில் விடவில்லை. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே நேரத்தை மிச்சப்படுத்தப் போட்ட பாதை அரியலூரைத் தொட்டுக்கொண்டு போனது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் இன்றும் தீரவில்லை. எங்கள் பக்கத்து மக்கள் ரயில்வேயிடம் கேட்பதெல்லாம், ஓடுகிற வண்டியை இங்கேயும் நிறுத்துங்கள் என்பதுதான்.

ஆனாலும் நீராவிக் காலத்தில் வண்டி நின்றுதான் ஆக வேண்டும். எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். அதைவிட முக்கியம், பாதை ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டிக்கு வழி விட ஸ்டேஷனில் ஒதுங்கித்தான் தீர வேண்டும்.

ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வராமல் காத்தது டோக்கன் என்ற சின்ன எஃகு உருண்டை. ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் கனமான இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். அடுத்த ஸ்டேஷனிலும் அதே மாதிரி ஒன்று. இரண்டுக்கும் கம்பித் தொடர்பு. இங்கிருப்பவர் மணி அடித்து "வண்டி அனுப்பட்டுமா?" என்று கேட்பார். அங்கிருப்பவர் சம்மதித்துத் தன் பெட்டியைத் திருப்பினால்தான் இங்கே உருண்டை ஒன்று வெளியே வரும். ஒன்று வந்துவிட்டால், அது அடுத்த ஸ்டேஷனின் பெட்டிக்குள் போய் விழும்வரை இரண்டு பெட்டியிலும் வேறு உருண்டை வராது. உருண்டை கையில் இருக்கிற டிரைவருக்கு மட்டுமே அந்தப் பாதை சொந்தம். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி, பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பார ஓரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிற்காத வண்டி என்றால் எஞ்சினிலிருந்து ஒருவர் குனிந்து, வளையத்துக்குள் கையை விட்டு வாங்கிக்கொள்வார். பழைய வளையம் கீழே விழும். இரவில் தீப்பந்தத்தின் வெளிச்சத்தில் இது நடக்கும். கை தவறினால் வண்டியை நிறுத்தி நடந்துபோய் எடுத்துவர வேண்டும். உருண்டை இல்லாமல் ஓர் அடி நகர முடியாது.

அந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு உண்டு, எல்லை ஒன்றும் உண்டு. முன்னால் வண்டி இல்லை என்று டோக்கன் உறுதி சொல்லும். முன்னால் பாலம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

1956 நவம்பர் 23, கார்த்திகை மாத விடியற்காலை. முதல் நாள் இரவு சென்னையில் கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டிக் கல்லகம் ஸ்டேஷனை நோக்கிப் போனது. இடையே மருதையாறு. கோடையில் மணலாகக் கிடக்கும் ஆறு அது. பச்சைமலைப் பக்கத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டத்து மழையைச் சுமந்துகொண்டு கொள்ளிடத்துக்குப் போவது. அன்றைக்குத் தொடர்மழையில் பொங்கிப் பாலத்தின் அடியை அரித்துவிட்டிருந்தது. எஞ்சினும் முன் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாதித் தூக்கத்தில் இருந்தவர்கள், ஊருக்குப் போகிறோம் என்று படுத்தவர்கள். எத்தனையோ உடல்களை வெள்ளம் கொண்டுபோனது.

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் விபத்தில் நூற்றுக்கு மேல் இறந்தபோதே பதவி விலகுவதாகச் சொன்னார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி பிடிவாதமாக நின்றார், நேருவும் ஏற்றுக்கொண்டார். பாலத்தைச் சாஸ்திரி கட்டவில்லை, மழையை அவர் வரவழைக்கவில்லை. ஆனாலும் துறை தன்னுடையது என்பதால் பொறுப்பும் தன்னுடையது என்று நினைத்தார். துணை அமைச்சராக இருந்த ஓ. வி. அழகேசனை 1957 தேர்தல் மேடைகளில் இந்த விபத்து துரத்தியது. 2023 ஜூன் மாதம் ஒடிசாவின் பாலசோரில் மூன்று ரயில்கள் மோதியபோதும் எதிர்க்கட்சிகள் சாஸ்திரியின் பெயரை எடுத்தன. நாட்டில் எங்கே ரயில் கவிழ்ந்தாலும் அரியலூர் பேச்சில் வருகிறது. ஆனால் வட இந்தியப் பேச்சாளர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு ஊர், அங்கே ஒரு ஸ்டேஷன், அதில் தினமும் மக்கள் ஏறி இறங்குகிறார்கள் என்று தெரியும்? என்னைப் பொறுத்தவரை இறந்தவர்களின் பெயர்களோடு ஒரு கல்வெட்டு அரியலூர் பிளாட்பாரத்தில் இருக்க வேண்டும். அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

இன்றும் ஐப்பசி, கார்த்திகையில் ரயில்வே ஊழியர்கள் கையில் விளக்கோடு தண்டவாளம் ஓரமாக இரவு முழுக்க நடக்கிறார்கள். ஆற்றுப் பாலங்களில் தண்ணீர் அபாய அளவைத் தொடுகிறதா என்று காவல் இருக்கிறார்கள். மழை இரவில் இந்தப் பாதையில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள் அவர்களை நம்பித்தான் தூங்குகிறார்கள்.

(அரியலூர் முதலில் 2001ல் தனி மாவட்டமானது. அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தார்கள். பிறகு மீண்டும் தனி மாவட்டமாகப் பிறந்த தேதி 2007 நவம்பர் 23. விபத்து நடந்த அதே தேதி.)

விபத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்னால் இதே கார்டு லைனில் இன்னொரு ஸ்டேஷன் தமிழ்நாட்டு அரசியலில் ஏறியது. கல்லக்குடியில் 1939ல் டால்மியா சிமென்ட் ஆலை வந்தது. ஸ்டேஷனுக்கும் டால்மியாபுரம் என்றே பெயர் இருந்தது. ஊர்ப் பெயர் எங்கே போயிற்று என்று தி.மு.க. கேட்டது. 1953 ஜூலை 15ல் மு. கருணாநிதியும் தோழர்களும் பெயர்ப்பலகையில் கல்லக்குடி என்று ஒட்டிவிட்டு வண்டிக்கு முன்னால் தண்டவாளத்தில் படுத்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்ப்பலியும் ஆனது. கருணாநிதி சிறைக்குப் போனார். இப்போது அந்த ஸ்டேஷனின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம். கார்டு லைன் போட்ட கம்பெனிக்கு அது வண்டி நிற்கும் இடம் மட்டும்தான். உள்ளூர்க்காரர்களுக்கு அது ஊரின் முகவரி. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்காக உயிரையே கொடுக்கும் அளவுக்கு அவர்கள் அந்த ஸ்டேஷனைத் தங்களுடையதாக நினைத்தார்கள்.

சிமென்ட் ஆலைகள் அரியலூருக்கும் வந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அது விட்டுப்போன சுண்ணாம்புக் கல்தான் இன்று இந்த மாவட்டத்தின் சொத்தும் தூசியும். அரசு சிமென்ட் ஆலை 1979ல் தொடங்கியது. பின்னால் தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. சரக்கு வண்டி இல்லாமல் சிமென்ட் ஆலை நடத்த முடியாது. பயணிகளுக்கு வழி சுருக்கப் போட்ட பாதை சரக்குக்கும் பெரிய பாதையானது.

பயணிகள் பக்கம் நடந்த பெரிய மாற்றம் வைகை எக்ஸ்பிரஸ். 1977 ஆகஸ்ட் 15ல் மதுரைக்கும் சென்னைக்கும் பகலிலேயே ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜில் நாட்டிலேயே வேகமான வண்டிகளில் ஒன்று. ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடி மதுரையிலிருந்து சென்னை போய்ச் சேர்ந்தது. கார்டு லைன் எதற்காகப் பிறந்ததோ அது ஐம்பது ஆண்டு கழித்து முழுமையாக நிறைவேறியது என்று சொல்லலாம். 1984 ஆகஸ்ட் 15ல் பல்லவன் எக்ஸ்பிரஸும் சேர்ந்துகொண்டது. காலையில் கிளம்பிச் சென்னையில் வேலையை முடித்துக்கொண்டு மறுநாள் வீடு திரும்பிவிடலாம் என்ற வசதி எங்கள் பக்கத்துக்கு வந்தது இந்தப் பகல் வண்டிகளால்தான்.

1990களின் இறுதியில் மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தது. மெயின் லைனுக்கு முன்பே கார்டு லைன் அகலமானது. விழுப்புரத்துக்கும் மாயவரத்துக்கும் இடையே அகலப்பாதையில் வண்டி ஓட 2010 ஆனது. அதற்குள் தெற்கே போகும் பெரிய வண்டிகள் எல்லாம் கார்டு லைனுக்கு வந்து சேர்ந்துவிட்டன. பின்னால் மின்மயமும் இரட்டைப் பாதையும் வந்தன. பிரம்பு வளையமும் தீப்பந்தமும் போயின. தாம்பரத்தில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலையில் விடைபெற்றது.

இப்போது அரியலூர் பிளாட்பாரத்தில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் தூரப் பயணிகளை விடத் தினசரிப் பயணிகள்தான் கண்ணில் படுவார்கள். திருச்சி சுமார் 70 கிலோமீட்டர். அலுவலகம், கல்லூரி, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை வேலை என்று போகிறவர்கள். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும் என்பதால் அரியலூருக்குத் திருச்சி தாராளமாக எட்டும். மாதச் சீசனுக்குக் கொடுக்கும் பணம் ஒரு வாரப் பஸ் செலவுக்குக்கூடக் காணாது. மாணவர்களுக்கு இன்னும் குறைவு. பாசஞ்சர் வண்டி சில்லக்குடி, கல்லகம், கல்லக்குடி, புள்ளம்பாடி, லால்குடி, ஸ்ரீரங்கம் என்று நின்று நின்று போகும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குழு. இடம் பிடித்து வைப்பது, சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்துகொள்வது, யாராவது வரவில்லை என்றால் போன் போட்டு விசாரிப்பது எல்லாம் உண்டு. "அக்கா இன்னைக்கு லீவா?" என்று கேட்கிற பெண்ணுக்கும் அந்த அக்காவுக்கும் உள்ள உறவு ரயிலில் மட்டுமே தொடங்கி வளர்ந்ததாக இருக்கும். அந்த நேரத்தில் பார்த்தால் அரியலூர் திருச்சியின் புறநகர் ஸ்டேஷன் என்றே தோன்றும். அரசுக் காகிதத்தில் அது புறநகர் இல்லை, அந்தச் சலுகைகளும் இல்லை.

இந்த மக்களுக்கு 2020 மார்ச்சுக்குப் பிறகு வந்த கஷ்டம் பெரியது. கொரோனாவில் நின்ற பாசஞ்சர் வண்டிகள் திரும்பி வந்தபோது 'சிறப்பு', 'எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் வந்தன. அதே பெட்டி, அதே நிறுத்தங்கள், அதே வேகம். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆகிவிட்டது. லால்குடிக்குக் காய் விற்கப் போகிறவருக்கும் 30 ரூபாய். பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில். அதுவரை ஏழைகளிடம் வாங்கிய அந்தக் கூடுதல் பணத்துக்கு எந்த நியாயமும் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

வேகமான புதிய வண்டிகள் வந்திருக்கின்றன. 2019 மார்ச்சில் மதுரைக்குத் தேஜஸ், 2023 செப்டம்பர் 24ல் திருநெல்வேலிக்கு வந்தே பாரத். இரண்டும் கார்டு லைனில்தான் ஓடுகின்றன. தொடங்கியபோது இரண்டுக்கும் அரியலூரில் நிறுத்தம் கொடுக்கவில்லை. வைகையும் பல்லவனும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸும் நிற்கின்றன, சந்தோஷம். ஆனால் இரண்டு மாவட்டங்களுக்கு ஒரே பெரிய ஸ்டேஷன் என்ற கணக்கை நிறுத்தம் முடிவு செய்கிறவர்கள் பார்க்க வேண்டும். அரியலூரில் ஏறுகிற கூட்டத்தில் பெரம்பலூர், வேப்பந்தட்டை, வாலிகண்டபுரம் ஆட்கள் எத்தனை பேர் என்பது டிக்கெட் கவுண்டரில் பதிவாவதில்லை. அங்கே எல்லாரும் அரியலூர்க்காரர்கள்தான்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்கு ஒரு பாதை போட வேண்டும் என்பது பழைய கோரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் வரும். ஆய்வு என்பார்கள், மறு ஆய்வு என்பார்கள். அந்தப் பாதை வந்தால் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பெரம்பலூர் மண்ணுக்கு ரயில் வரும். கார்டு லைன் தெற்கத்தியார் அவசரத்துக்குப் பிறந்தது. இது இந்த மண்ணுக்காகவே பிறக்கிற முதல் பாதையாக இருக்கும்.

பாதை வரும்வரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. அரியலூர் ஸ்டேஷனை அமிர்த பாரத் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். முகப்பும் காத்திருப்பு அறையும் மின்தூக்கியும் வரட்டும். அதோடு, வைகையும் பல்லவனும் வந்து போகும் நேரத்துக்குப் பெரம்பலூருக்கும் வாலிகண்டபுரத்துக்கும் ஸ்டேஷன் வாசலிலிருந்தே ஒரு பஸ் கிளம்பட்டும். இன்று வண்டியை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து, பஸ் நிலையம் போய், பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்து, அங்கே இறங்கி மறுபடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து அரியலூர் வர ஆகிற நேரத்தில் பாதியை, கடைசி நாற்பது கிலோமீட்டருக்கே செலவழிக்கிறார்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள்.